டூட்டி நாளில் 2, லீவு நாளில் 7

திருச்சி–மதுரை ரூட்டில் 11 வருஷம் கண்டக்டராக ஓடினேன். திருச்சியை விட்டால் விராலிமலை, அப்புறம் துவரங்குறிச்சி, மேலூர், கடைசியில் மாட்டுத்தாவணி. பயணிகளுக்கு இவை ஸ்டாப்பிங். 2016க்குப் பிறகு எனக்கு இவை கக்கூஸ்கள். எதில் தண்ணீர் வரும், எதில் தாழ்ப்பாள் விழும், எந்த வாசலில் உட்கார்ந்திருப்பவர் சில்லறையைப் பிறகு வாங்கிக்கொள்வார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

முதலில் ரத்தம்தான் வந்தது, சளியோடு கலந்து. மூலம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் வேலைக்கு மூலம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அம்மா துத்தி இலையையும் சின்ன வெங்காயத்தையும் விளக்கெண்ணெயில் வதக்கித் தந்தார். மூலத்துக்கென்றே போர்டு வைத்திருந்த ஒரு இடத்தில் 14 மாதம் பணம் கட்டினேன். அங்கே ஒருவரும் உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. 68 கிலோ இருந்தவன் 51க்கு வந்த பிறகுதான் ஓர் அரசு மருத்துவமனையில் கொலோனோஸ்கோப்பி எடுத்தார்கள். முந்தின நாள் இரண்டு லிட்டர் பவுடர் தண்ணீரைக் குடித்து வயிற்றைக் கழுவுவது எல்லோருக்கும் அவதி. எனக்கு அது இன்னொரு நாள், அவ்வளவுதான்.

பெருங்குடலில் புண். பெயர் அல்சரேட்டிவ் கொலைடிஸ். இந்தப் பெயரால் வந்த வினை தனிக் கதை. 'அல்சர்' என்பது மட்டும்தான் எல்லார் காதிலும் விழும். டெப்போவில் தினமும் ஒருவர், "டைமுக்குச் சாப்பிடுப்பா, பச்சை மிளகாயைக் குறை, சரியாயிடும்" என்பார். இது இரைப்பைப் புண் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது, அடங்கும், ஆனால் முழுசாகப் போகாது என்று எத்தனை பேரிடம் சொல்வது? கொஞ்ச நாளில் நானும் 'அல்சர்தான்' என்று சொல்லி விட்டுவிட்டேன்.

ஒருமுறை விராலிமலை தாண்டியதும் ஒத்தை விசில் அடித்தேன். ஸ்டாப்பிங்கே இல்லாத இடம். தண்ணீர் பாட்டிலோடு கருவேல மறைவுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது வண்டியில் 50 பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் டெப்போவுக்குப் புகார் போயிருந்தது. டிரைவர் அண்ணன் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் முகம் மாறினால் போதும், பெட்ரோல் பங்க்கைப் பார்த்து ஒதுக்கிவிட்டு, "பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு, ரெண்டு நிமிஷம்" என்று பயணிகளிடம் அவரே சொல்லிவிடுவார். அந்த ஒரு வருஷம் எங்கள் வண்டியின் பின் டயருக்கு அவ்வளவு காற்று அடித்திருக்கிறோம்.

மெசலமைன் மாத்திரை கொஞ்சம் பிடித்து நிறுத்தியது. ஸ்டீராய்டு நன்றாகவே நிறுத்தியது. முகம் ஊதி, ராத்திரி தூக்கம் போய், சர்க்கரை ஏறிற்று. ஸ்டீராய்டை விடுவதற்காக, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோபிரின் மாத்திரையை ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் தலையணை முழுக்க முடி. என் மனைவிதான் முதலில் பார்த்தாள். அடுத்த இரண்டு நாளில் காய்ச்சல், ரத்தத்தில் வெள்ளை அணு 1,900க்கு விழுந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தி வார்டில் போட்டார்கள்.

அங்கேதான் டாக்டரம்மா எனக்கு விளக்கினார். இந்த மாத்திரை யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே பார்க்க மேல்நாடுகளில் டிபிஎம்டி என்ற மரபணுவைச் சோதிப்பார்களாம். ஆனால் ஆசியக்காரர்கள் பலருக்குக் கோளாறு இருப்பது நட்15 என்ற வேறொரு மரபணுவில். கொரிய நோயாளிகளை வைத்து 2014இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். சீக்கிரமாக முடி கொட்டுவது அதற்கு ஓர் அடையாளம். "அதுவரைக்கும் நம்ம ஆளுங்களுக்கு ஏன் இப்படி ஆகுதுன்னு சரியாத் தெரியாமத்தான் டோஸைக் குறைச்சுக்கிட்டு இருந்தோம்" என்றார். அந்த வார்டில் படுத்துக்கொண்டு இதையே ரொம்ப நேரம் யோசித்தேன். யாரை வைத்து ஆய்வு செய்கிறார்களோ அவர்கள் உடம்புக்குத் தகுந்த பதில்தான் கிடைக்கும். நம் ஆட்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை என்றால் நமக்கு எங்கிருந்து வரும்?

2022இல் அதே டாக்டரம்மா, "ஒரு ஆய்வு ஆரம்பிக்கப் போறோம், நீங்க வந்து யோசனை சொல்றீங்களா?" என்று கேட்டபோது சரி என்று சொன்னதற்கு அந்த வார்டு நினைப்புதான் காரணம். வீட்டில் சண்டை. "உங்களை எலி ஆக்கப் பார்க்கறாங்க" என்றாள் மனைவி. ஆய்வுக்கு உடம்பைக் கொடுப்பது வேறு, ஆய்வை எப்படி நடத்தலாம் என்று உட்கார்ந்து பேசுவது வேறு என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கே அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது. எனக்கு நோய் அடங்கி இருந்ததால் ஆய்வில் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். (ஆய்வு இன்னும் நடக்கிறது. அதனால் மருந்தின் பெயரும் இடமும் இங்கே வேண்டாம்.)

முதல் கூட்டம் இரண்டாம் மாடி வகுப்பறையில். நோயாளிகள் ஆறு பேர். உள்ளே நுழைந்ததும் ஆறு பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: பாத்ரூம் எங்கே? கீழ்த்தளத்தில் என்றார்கள். தட்டில் சூடாகச் சமோசா, பக்கத்தில் காபி. ஒருவர் கை கூட நீளவில்லை. டாக்டரம்மா, "எடுத்துக்கங்க, கூச்சப்படாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். கூச்சமா! எல்லாருக்கும் வீட்டுக்குத் திரும்ப பஸ் இருந்தது.

இங்கிலாந்தில் 2004இல் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி என்று ஒன்று ஆரம்பித்ததைப் பற்றி அவர் சொன்னார். 1747இல் கப்பலில் ஸ்கர்வி என்ற நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு வைத்தியம் பார்த்து, ஆரஞ்சும் எலுமிச்சையும்தான் வேலை செய்கிறது என்று கண்ட வைத்தியர் பெயர் அது. எதை ஆராய வேண்டும் என்பதை நோயாளிகளும் டாக்டர்களும் சேர்ந்தே முடிவு செய்வது அவர்கள் வழக்கமாம். எங்கள் வகை நோய்களுக்கு அப்படி எடுத்த பட்டியலில் வலி, சோர்வு, உணவு, அடக்க முடியாமல் போவது எல்லாம் இடம்பிடித்ததாம். அடக்க முடியாமல் என்றதும் நாங்கள் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்து ஆய்வில் பயன்படுத்தப் போகும் கணக்கு. மேயோ ஸ்கோர் என்று பெயர். எத்தனை தடவை போகிறது, ரத்தம் வருகிறதா, கேமராவில் புண் எப்படித் தெரிகிறது, டாக்டர் என்ன நினைக்கிறார் என்ற நான்குக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 12. வழக்கத்தைவிட 5 தடவையோ அதற்கு மேலோ போனால் 3 மார்க். ஒத்திகைக்காக என்னிடம் கேட்டார்கள்: "மோசமா இருந்தப்ப ஒரு நாளைக்கு எத்தனை?"

"ரெண்டு" என்றேன்.

டாக்டரம்மா எழுதப் போனார். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், அதுவரை வாயே திறக்காதவள், என் பக்கம் திரும்பி, "டூட்டி நாள்லயா, லீவு நாள்லயாண்ணா?" என்றாள்.

லீவு நாளில் ஏழு. டூட்டி என்றால் முந்தின ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன், மாட்டுத்தாவணியில் வண்டி நிற்கும் வரை ஒரு டீ கூடக் கிடையாது. அந்தப் பெண் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் கூடக் குடிப்பதில்லையாம், கடையில் பாத்ரூமுக்குப் போக ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். கல்லூரி மாணவன் ஒருவன் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பே பட்டினி ஆரம்பித்துவிடுவானாம். இத்தனை வருஷமாக டாக்டர் கேட்டபோதெல்லாம் நாங்கள் பொய் சொல்லவில்லை. எண்ணிக்கை உண்மைதான். அது மருந்தால் குறைந்ததா பட்டினியால் குறைந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் இதை முதல்முறையாகக் கேட்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார், வயது அறுபதுக்கு மேல். "ரத்தம் போச்சா போச்சான்னு கேக்கறீங்க. விடியமுன்ன காட்டுல ஒதுங்கறவன் அதை எங்கத்தா பார்க்கறது?" என்றார். அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாம் கூட்டம் முழுக்கத் தமிழோடு மல்லுக்கட்டினோம். சம்மதப் படிவத்தை யாரோ அகராதி வைத்து மொழிபெயர்த்திருந்தார்கள். 'சீரற்ற முறையில் ஒதுக்கீடு' என்று இருந்தது. நான் ரிசர்வேஷன் என்று நினைத்தேன், மாணவன் ஏதோ ஒழுங்கில்லாத வேலை என்று நினைத்தான். குலுக்கல் என்று போடுங்கள் என்றோம். சீட்டுப் பிடிக்கும் ஊரில் அது யாருக்குத் தெரியாது? இன்னொன்று 'போலி மாத்திரை'. போலி டாக்டர், போலி நகை என்று பேப்பரில் படிக்கிற ஜனங்களிடம் போலி மாத்திரை தருகிறோம் என்று கையெழுத்துக் கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். 'மருந்து இல்லாத, அதே மாதிரி இருக்கும் மாத்திரை' என்று நீட்டினோம். 'மலத்தின் நிலைத்தன்மை' என்பதைத் தண்ணியாக, கூழாக, கெட்டியாக என்று மாற்றினோம். அவசரமாக வந்து, போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராமல் முக்கிக்கொண்டே இருப்போமே, அதற்குப் படிவத்தில் இருந்த வார்த்தை எனக்கு இப்போது நினைவில் கூட இல்லை. முக்கல் என்றால் எங்கள் ஊரில் குழந்தைக்கும் புரியும்.

சோதனைக்கான மலத்தை ஆஸ்பத்திரிக்கு வரும் அன்று காலையிலேயே எடுத்து ஒன்பது மணிக்குள் கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. "ஆர்டர் போட்டா வருமாம்மா?" என்றார் விவசாயி. அப்படியே வந்தாலும் கூட்டமான பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். குடல் புண்ணின் வேகத்தை மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின் என்ற அந்தச் சோதனைக்கு முந்தின நாள் எடுத்ததே போதும் என்று லேப்பில் கேட்டுவந்து திருத்தினார்கள்.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. மேயோ கணக்கை மாற்ற முடியாது, மற்ற நாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட அதுதான் வேண்டும் என்றார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் நியாயம் புரிந்தது. மருந்து வேலை செய்தால் ஆய்வு முடிந்த பிறகு யார் தருவார்கள் என்று கேட்டதற்கு டாக்டரம்மாவிடம் நேரான பதில் இல்லை. "அப்பத் தர முடியாதுங்கறதையாவது முதல் பக்கத்துல தெளிவாப் போடுங்க" என்றார் விவசாயி. போட்டார்கள்.

படிவத்தில் ஒரு வரி மாறினாலும் மறுபடி ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டுமாம். மருந்து ஆய்வுக்கான 2019 விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அதில் ஒருவர் மருத்துவம் படிக்காத சாதாரண ஆள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் எங்கள் பயணப்படிக்கு ஆபீசில் டிக்கெட் கேட்டார்கள். நான் பாஸில் போகிறவன். ஆயுசு பூரா டிக்கெட் கொடுத்தவன் கையில் ஒரு டிக்கெட் இல்லை. அந்தப் பணம் இன்னும் வரவில்லை.

குழுவிலிருந்து படிவம் திரும்பி வந்தபோது குலுக்கல் தப்பித்திருந்தது, முக்கல் தப்பித்திருந்தது. தினக்குறிப்பில் மேயோ கேள்விகளுக்குக் கீழே தனியாக இரண்டு வரிகள் சேர்ந்திருந்தன: 'இன்று வழக்கம்போலச் சாப்பிட்டீர்களா? இல்லையென்றால், வெளியே போக வேண்டியிருந்ததாலா?' என்று ஒன்று. 'அவசரம் வந்தபின் எத்தனை நிமிடம் அடக்க முடிந்தது?' என்று மற்றொன்று.

எனக்கு இப்போது லைட் டூட்டி, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். நான்காவது கூட்டத்தை ஷிப்ட் முடித்துப் போய்ப் பார்த்தால் கீழ்த்தளத்தில், பாத்ரூமுக்கு அடுத்த அறையில் வைத்திருந்தார்கள். சமோசா இல்லை, இட்லி. நான் இரண்டு சாப்பிட்டேன். ஜவுளிக்கடைப் பெண் ஒன்றை எடுத்தவள் என்னிடம், "மணப்பாறை வண்டி எத்தனை மணிக்குண்ணா?" என்றாள். நாலு பத்து என்றேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இட்லியை டிபன் பாக்ஸில் போட்டு மூடிக்கொண்டாள்.