ஒரே நாளில் பல பேண்டுகள்: நேரத்தையும் காதையும் காப்பாற்றும் வழி

இசைவிழா அட்டவணை வந்ததும் பிடித்த பெயர்களை எல்லாம் வட்டம் போட்டுவிடுகிறோம். பன்னிரண்டு வட்டம் விழும். ராத்திரி கணக்குப் பார்த்தால் நான்கைந்து பேண்டைத்தான் உருப்படியாகக் கேட்டிருப்போம். மிச்ச நேரத்தை மேடைக்கு மேடை நடந்த நடை தின்றிருக்கும். அட்டவணையில் இல்லாத அந்த நடைநேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மேடைகளுக்கு நடுவே 600 மீட்டர் என்றால், காலியான மைதானத்தில் எட்டு நிமிடம். பெரிய பேண்டு முடிந்து கூட்டம் மொத்தமாகக் கலையும்போது அதுவே இரண்டு மடங்கு ஆகும். வழியில் தண்ணீர் பிடிக்க, கழிப்பறை வரிசையில் நிற்க இன்னொரு பத்து நிமிடம். அதனால் 8:15க்கு ஒன்று முடிந்து 8:15க்கே இன்னொன்று தொடங்கினால், இரண்டையும் முழுசாகக் கேட்க வழியே இல்லை. எதில் எவ்வளவு வெட்டுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

எங்கள் யோசனை: பெரிய பேண்டின் தொடக்கத்தை வெட்டுங்கள். சின்ன மேடைக்காரர்களுக்குக் கிடைப்பதே 30, 40 நிமிடம்தான். அதில் பத்து நிமிடம் போனால் கால்வாசி போச்சு. 90 நிமிடம் வாசிப்பவர்கள் பேர்போன பாட்டுகளைப் பெரும்பாலும் கடைசிக்கு வைத்திருப்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு. விழா மேடையில் அநேக பேண்டுகளுக்கு, பாட்டை வாசித்துப் பார்த்துச் சத்தத்தைச் சரிசெய்யும் முழு சவுண்ட் செக் கிடைக்காது. ஒவ்வொரு மைக்கும் வயரும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் லைன் செக் மட்டும்தான். சவுண்ட் இன்ஜினியர் குரல், வாத்தியங்களின் ஒலிக் கலவையைச் சரிசெய்வதே முதல் இரண்டு பாட்டு ஓடும்போதுதான். குரல் அமுங்கி, காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் மட்டும் நெஞ்சில் இடிப்பது அந்த நேரத்தில்தான். மூன்றாவது பாட்டுக்கு வந்து சேர்ந்தால் பெரிய நஷ்டம் இல்லை. கூடார மேடைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. ஆள் நிறைந்தால் வாசலை மூடிவிடுவார்கள். இருபது நிமிடம் முன்பே உள்ளே இருங்கள்.

இடைவேளையில் மேடையைக் கவனித்தாலே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். டிரம்ஸுக்கு இன்னும் மைக் மாட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் பிடித்துவரத் தாராளமாக நேரம் உண்டு. கிக், ஸ்னேர் என்று டிரம்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள் என்றால் இடத்தைப் பிடியுங்கள். பாட்டு வரிசைத் தாளைத் தரையில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் துண்டும் வைத்துவிட்டார்கள் என்றால் இனி நகரவே கூடாது.

எங்கே நிற்பது? தடுப்புக்கம்பியை ஒட்டி நின்றால் முகங்கள் நன்றாகத் தெரியும், சத்தம் நன்றாக இருக்காது. மேலே தொங்கும் பெரிய ஸ்பீக்கர் வரிசை தலைக்கு மேலே போய்விடும். காதில் விழுவது மேடை ஆம்ப்பும் டிரம்ஸும்தான், குரல் பின்தங்கும். சவுண்ட் இன்ஜினியர் உட்காரும் மிக்சிங் கூடாரத்துக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி நில்லுங்கள். இன்ஜினியர் கேட்டுச் சரிசெய்வது அந்த இடத்துச் சத்தத்தைத்தான். பாஸ் ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர்களை இரண்டு பக்கமும் அடுக்கியிருந்தால் நட்டநடுவில் பாஸ் குவிந்து மற்றதை மூழ்கடிக்கும், அதனால்தான் அந்த விலகல். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இடையில் டிலே கோபுரம் (மேடை ஒலியோடு சேரும்படி தாமதித்து ஒலிக்கும் ஸ்பீக்கர் கோபுரம்) இருந்தாலும் இல்லாவிட்டாலும், 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் குச்சி டிரம்மில் பட்டது கண்ணுக்குத் தெரிந்து, ஏறக்குறைய 0.3 வினாடி கழித்துத்தான் அடி கேட்கும்.

மென்மையாக வாசிக்கும் பேண்டுகளைப் பகலிலேயே பார்த்துவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே காற்று சூடாகவே இருந்தால், ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் வரும். பக்கத்து மேடையின் பாஸ் உங்கள் கிட்டார் இசைக்குள் புகுந்துவிடும்.

காது விஷயத்தில் சமரசம் வேண்டாம். இசை நிகழ்ச்சிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த உச்சவரம்பு, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். வேலையிடத்துக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் கணக்கு, 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதாவது 100 டெசிபலில் 15 நிமிடத்திலேயே ஒரு நாள் அளவு தீர்ந்துவிடும். நீங்கள் கேட்கப்போவது ஏழு மணி நேரம்.

நுரைப் பஞ்சு அடைப்பான் என்றால் விரலில் உருட்டி மெல்லியதாக்கி, மற்ற கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, உப்பும்வரை அரை நிமிடம் அழுத்தியபடி இருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் பயன் குறைவு. நுரை சிம்பல் ஒலியை அதிகமாக விழுங்கும். இசைக்கென்றே வரும் ஃபில்டர் அடைப்பான் எல்லா சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். அதையே வாங்குங்கள். முதல் பேண்டுக்கே மாட்டிவிடுங்கள், காது இரைந்த பிறகு அல்ல. குழந்தைகளுக்குத் தலையில் மாட்டும் காதுறை.

கூட்டத்தில் செல்போன் சிக்னல் நம்பமுடியாது. அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நண்பர்களோடு சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கையைத் தூக்கக்கூட இடமில்லாமல் கூட்டம் உங்களைத் தள்ளத் தொடங்கினால், எந்தப் பாட்டாக இருந்தாலும் அங்கே நிற்காதீர்கள். முன்கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்து, நெரிசல் தளரும்போதெல்லாம் குறுக்காகப் பக்கவாட்டில் விலகுங்கள். நேர் பின்னால் முட்டினால் வழி கிடைக்காது.