நீல மூடிக்குப் பின்னால் இருக்கும் படிகம்

டீசல் லாரிகளில் எண்ணெய்த் தொட்டிக்கு அருகே நீல மூடியிட்ட சிறிய தொட்டி ஒன்று இருப்பதைத் சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அதில் இருப்பது 32.5 விழுக்காடு யூரியா கரைந்த நீர். அட்புளூ என்ற பெயரில் விற்கப்படுவது. சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் டீசல் வாகனங்களுக்கு 2018 ஜனவரி முதல் யூரோ 6 என்ற புகை வெளியேற்றத் தரம் கட்டாயமானபின் அது இங்கே சாதாரணக் காட்சியாகிவிட்டது. ஓட்டுநர்கள் அந்த நீரின் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள். புகையைச் சுத்தமாக்கும் உண்மையான வேலையைச் செய்யும் சியோலைட்டை, அதாவது நுண்துளைகள் நிறைந்த படிகத்தை, யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு.

டீசல் புகையில் செலவாகாத ஆக்சிஜன் நிறைய மிஞ்சுவதால், பெட்ரோல் கார்களில் பயன்படும் வினையூக்கியால் அங்கே காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க இயலாது. ஆகவே யூரியாவைச் சூடான புகையில் தெளித்து அமோனியாவாக்கி, அந்த அமோனியா ஆக்சிஜனோடு கூடி வீணாகிவிடாமல் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு மட்டுமே வினைபுரிந்து, நைட்ரஜனாகவும் நீராகவும் முடியும்படி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைச் செய்பவை சியோலைட்டின் நுண்துளைகளில் தங்கியிருக்கும் தாமிர அயனிகள். சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜன் வழியாகப் பிணைந்த இப்படிகத்தில், அலுமினியம் உள்ள இடங்களில் உண்டாகும் எதிர்மின்னூட்டத்தை ஈடுசெய்யவே தாமிரம் அங்கே நிற்கிறது. அலுமினியம் கழன்றால் தாமிரம் வாடகை வீட்டை இழந்த குடித்தனக்காரர்தான்.

அலுமினியத்தைக் கழற்றிவிடுவது சூடான புகையில் உள்ள நீராவி. புகைக்கரி வடிகட்டியில் சேர்ந்த கரியை அவ்வப்போது எரிக்கும்போது, அடுத்திருக்கும் வினையூக்கியின் வெப்பநிலை 650 டிகிரி செல்சியசையும் தாண்டக்கூடும். 1980களில் ஜப்பானின் மசகாசு இவாமோட்டோ குழுவினர் தாமிரமேற்றிய இசட்எஸ்எம்-5 என்ற சியோலைட், நைட்ரிக் ஆக்சைடைத் தானாகவே சிதைப்பதைக் காட்டியபோது எழுந்த நம்பிக்கை, இந்த ஈரச்சூட்டில்தான் தளர்ந்தது. அதன் துளை ஏறத்தாழ 0.55 நானோமீட்டர். பின்னர் வெற்றிபெற்ற எஸ்எஸ்இசட்-13 என்ற சியோலைட்டின் துளையோ 0.38 நானோமீட்டர்தான். செவ்ரான் நிறுவனத்தில் ஸ்டேசி சோன்ஸ் உருவாக்கிய அது, வாகனங்களுக்கு வந்து சேர ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று. சட்டகத்திலிருந்து பெயரும் அலுமினிய ஹைட்ராக்சைடு அந்தக் குறுகிய வாயில் வழியாக வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடுவதால்தான் படிகம் நிலைக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அகலமான பாதையே வினைக்கு நல்லது என்று நினைக்கத் தோன்றும் இடத்தில் குறுகலே காப்பாற்றியிருப்பது இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நம் சாலைகளில் சிக்கல் வேறு. தீவு விரைவுச்சாலையில் மாலை நேரத்தில் ஊர்ந்து செல்லும் லாரியின் புகை ஆறிவிடும். ஏறத்தாழ 200 டிகிரிக்குக் கீழே யூரியா சரியாகச் சிதையாமல் குழாயில் படியும் என்பதால் தெளிப்பையே குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். அந்த நேரத்து நைட்ரஜன் ஆக்சைடுகளில் பெரும்பங்கு தடையின்றி வெளியேறும்; நம் ஊர் வெயில் இதற்கு உதவாது. புதிய டீசல் கார்களும் டாக்சிகளும் 2025 முதல் பதிவு செய்யப்படுவதில்லை என்றாலும், லாரிகள் இன்னும் ஓடத்தான் செய்கின்றன.

கந்தகமும் தாமிரத்தைப் பிடித்து முடக்கக்கூடியது. டீசலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுக்குக் குறைக்கப்பட்டிராவிட்டால் இந்த வினையூக்கி இங்கே நிலைத்திருக்காது. அப்படியும் சேர்ந்துவிடும் சல்பேட்டை நீக்க 500 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும்; எஸ்எஸ்இசட்-13 அந்தச் சூட்டையும் தாங்குகிறது.