வாய்க்கால் இல்லாத ஏரி

மே 6, புத்தூர்
இரவு பஸ்ஸில் வந்து காலையில் இறங்கினேன். சுவிஸில் இருக்கிற தம்பியிடம் போக விசாவுக்குக் கொழும்பில் விரல் அடையாளம் கொடுத்தாயிற்று, 90 யூரோ கட்டியாயிற்று, 30,000 யூரோக் காப்புறுதியும் காட்டியாயிற்று. 15 நாளில் முடிவு சொல்வார்களாம். தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுப்பார்களாம். யாருக்குத் தேவைப்பட்டால்?

மே 11
தம்பி வீடியோ அனுப்பியிருக்கிறான். ஏரி முழுக்க ஐஸ், ஓரத்தில் ஒரு பலகை. "அக்கா, நீங்கள் வரேக்கை உருகியிருக்கும்" என்கிறான். தனக்கு ஊசி போட்டதைப் பற்றி மூச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

மே 12
ஒன்றும் இல்லை. மிளகாய்க்குத் தண்ணீர் மாறினேன்.

மே 19
நேற்று அவன் சொன்னது மண்டையைக் குடைகிறது. அந்த டவுபன்சே ஏரிக்கு, பனியாறு உருகி வரும் ஓடை ஒன்று வந்து சேருகிறது. வெளியே போக ஓடையோ வாய்க்காலோ கிடையாது. ஆனாலும் நிரம்பி வழிவதில்லை. சுற்றிவர எல்லாம் சுண்ணாம்புக்கல், வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிலத்துக்கு அடியால் போய்விடுகிறதாம்.

அட, இது நம்முடைய கதைதானே. ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு, மாரிமழை கல்லுக்குள் இறங்கி நின்றால்தான் கிணற்றில் தண்ணீர். பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலாவரைக் கிணற்றடிக்குப் போனேன். மேலே நன்னீர், ஆழத்தில் உவர். இதற்குள் தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பார்கள். ஏழு வயதில் தம்பி உண்மையாகவே ஒன்றைப் போட்டுவிட்டு, உடனே கீரிமலைக்குக் கூட்டிப்போகச் சொல்லி அம்மாவின் சீலையைப் பிடித்து இழுத்தான். அம்மா கூட்டிப்போகவில்லை. அந்தத் தேசிக்காயை இரண்டு கிழமை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது அவனுக்கு என்ன நடக்கிறது என்று நான் கேட்டால் மட்டும் ஏரியைப் பற்றிக் கதைக்கிறான்.

ஜூன் 2
விசா வந்துவிட்டது. சரி. இனி என் முழங்கால்தான் மலையேற ஒத்துழைக்க வேண்டும்.

ஜூன் 5
பக்கத்து வீட்டு மாமி ஊறுகாய், மிளகாய்த்தூள், ஒடியல் மா எல்லாம் கட்டித் தந்திருக்கிறா. அங்கே எல்லாம் கிடைக்கும் மாமி என்றால் கேட்கிற ஆளா?

ஜூலை 8, பேர்ண்
ஏரிக்குப் போய்வந்துவிட்டோம். மச்சாள் வேண்டாம் என்றுதான் சொன்னா. தம்பி கேட்கவில்லை.

ரயில் ஒரு மலைக்குள் நுழைந்தது, வெளியே வரவே மாட்டேன் என்றது. லொட்ச்பெர்க் சுரங்கம், 34 கிலோமீற்றருக்கு மேல், 2007இல் திறந்தது என்று தம்பி தானே வெட்டியதுபோலப் பெருமையாகச் சொன்னான். பிறகு பஸ்ஸில் லொய்க்கபாட். நிலத்துக்குள்ளிருந்து 51 பாகைச் சூட்டில் தண்ணீர் வரும் ஊர். குளிக்க ஆசைதான், நேரமில்லை. அங்கிருந்து கேபிள் கார். செங்குத்தான கற்சுவர் கண்ணாடிக்கு முன்னால் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

மேலே 2,200 மீற்றருக்கு மேல். கடல் மட்டத்துக் காற்றில் முக்கால்வாசிதான் அங்கே. பத்து அடி நடந்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது, அவனுக்கு ஐந்து அடி. ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்று நின்று போனோம். மரம் என்று ஒன்று கிடையாது. கல், கட்டைப் புல், முகம் கறுத்த சில செம்மறிகள். தண்ணீர் பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியவில்லை, முகில் போனதும் மாறிவிடுகிறது. சிறிய ஏரிதான், நான் நினைத்ததை விடச் சிறியது. ஆள் அரவம் இல்லை. ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி சான்ட்விச் சாப்பிட்டுவிட்டுக் கடதாசியைக் கவனமாக மடித்து வைத்துக்கொண்டார்கள்.

பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணீரைக் குடித்தோம். இந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும், இங்கே ஊற்றினால் சாயம் சரியாய் இறங்காது என்றான். பிறகு கரையோரமாகக் குனிந்து குனிந்து பார்த்தான். என்னடா தேடுகிறாய் என்றேன்.

"தண்ணி போற ஓட்டையை. தேசிக்காய் கொண்டு வந்திருக்கலாம் அக்கா."

அவ்வளவு சிரித்தோம். சிரித்ததில் அவனுக்கு இருமல் வந்தது, நிற்கவே இல்லை.

ஜூலை 9
தம்பிக்குக் காய்ச்சல் 38.6. மச்சாள் என்னோடு கதைக்கவில்லை.

ஜூலை 10
அவனை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 30, புத்தூர்
வீட்டுக் கிணறு நன்றாக இறங்கிவிட்டது. ஐப்பசி வரை மழை இல்லை. வந்தவுடன் மாமி படம் கேட்டா, ஏரிப் படத்தைக் காட்டினேன். "இதுக்கே இவ்வளவு தூரம் போனீ?" என்றா. தம்பி நிற்கும் படங்களைக் காட்டவில்லை, தொப்பியோடு நிற்கிறான்.

அவன் கேட்டபடி கூட்டிப்போனது சரிதான். மச்சாள் என்ன சொன்னாலும் சரிதான். வீட்டில் படுத்திருந்தால் மட்டும் காய்ச்சல் வந்திருக்காதா?

செப்டம்பர் 1
அக்டோபரில் அந்த ஏரிக்கரையில் பனி விழத் தொடங்கிவிடுமாம். அடுத்த வருடம் ஜூனில்தான் முழுதாக உருகும். அடுத்த ஜூனுக்கு இப்போதே விசாப் பத்திரம் எடுத்து வைக்கட்டோ என்று கேட்டேன். "பாப்பம் அக்கா" என்றான். அவன் ஒருநாளும் பாப்பம் என்று சொல்கிறவன் இல்லை.

செப்டம்பர் 4
இன்று ஸ்கான் முடிவு. இங்கே ஏழு மணி, அங்கே மூன்றரை. நான்கரைக்குப் பிறகு எடுக்கச் சொல்லி மச்சாள் மெசேஜ் போட்டிருக்கிறா, கதைக்கத் தொடங்கிவிட்டா. கரண்ட் போய்விட்டது. போனில் சார்ஜ் 20 வீதம். மாமி வீட்டில் சோலர் இருக்கிறது, அங்கே போகிறேன்.