மோட் லூயிஸின் எருதுகளும் எங்கள் சித்திர வகுப்பும்

நம் கல்லூரியின் சித்திர வகுப்பைப் பற்றி இந்த ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, கனடாவின் ஹலிஃபக்ஸ் நகரத்துக் கலைக்கூடத்தில் நான் கண்ட ஒரு சோடி எருதுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உடனேயே தீர்மானித்துவிட்டேன். மகளுடைய வேலை காரணமாக, அந்நகரம் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்துக்குப் போன இடத்தில், மழைக்கு ஒதுங்குவதுபோல அந்தக் கலைக்கூடத்துக்குள் நுழைந்தோம். அங்கே அப்பியாசக் கொப்பியைவிடச் சற்றே பெரிதான ஒரு பலகையில் இரண்டு எருதுகள் எங்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் நீண்ட கரிய இமை மயிர்கள், கழுத்தில் மணி, தலையில் சிவப்பும் மஞ்சளுமாக வர்ணம் தீட்டிய நுகம், காலடியில் பூக்கள். நம்மூர் வண்டில் மாட்டுக்கு நுகம் திமிலுக்கு முன்னால் கழுத்தில் அமரும். அந்நாட்டு எருதுக்குத் திமில் இல்லை. அங்கே நுகத்தைக் கொம்புகளுக்குப் பின்னால் வைத்து, தோல்வாரினால் கொம்போடு சேர்த்துச் சுற்றிக் கட்டுகிறார்கள். அந்த வார் எந்தக் கொம்பை எப்படிச் சுற்றி எங்கே முடிகிறது என்பது வரை அந்தச் சின்னப் படத்தில் தெரிந்தது. வண்டில் சவாரிக்கு மாடு பூட்டுவதைச் சிறுவயதில் வேலியோரம் நின்று பார்த்தவள் என்ற முறையில், இதை வரைந்தவர் மாடு பூட்டுவதை அருகிருந்து பார்த்த ஒருவர் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. அவருடைய தகப்பனார் இரும்புக் கொல்லராகவும் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் செய்பவராகவும் இருந்தார் என்பதைப் பக்கத்துக் குறிப்பில் பின்னர்தான் வாசித்தேன்.

அவர் பெயர் மோட் லூயிஸ். எந்தக் கலைப்பள்ளியிலும் கால் வைக்காதவர்.

எங்களுக்கு 1973ஆம் ஆண்டில் சித்திரம் கற்பித்த ஆசிரியையை என் வகுப்புத் தோழியர் மறந்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பொருள்கள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. கடைகளில் நல்ல வர்ணமோ தூரிகையோ கிடைப்பது அரிது. ஆசிரியை அதற்காக வகுப்பை நிறுத்தவில்லை. அடுப்புக்கரி, மஞ்சள் தூள், செங்கற்பொடி, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம், கொவ்வை இலைச் சாறு ஆகியவற்றைச் சிரட்டைகளில் கரைத்து வாங்கின் மேல் வரிசையாக வைப்பார். தென்னோலை ஈர்க்கின் நுனியை நசுக்கித் தூரிகையாக்குவோம். கல்லூரிக் கிணற்றடிக்கு எங்களை அழைத்துச் சென்று, துலாவையும் ஆடுகாலையும் பத்து நிமிடம் பார்க்க விட்டு, திரும்ப வகுப்புக்குக் கொண்டுவந்த பிறகே கொப்பியைத் திறக்க விடுவார். "பார்த்துக்கொண்டு கீறாதேங்கோ பிள்ளையள், பார்த்திட்டு வந்து கீறுங்கோ" என்பது அவர் வாயிலிருந்து எந்நாளும் வரும் வார்த்தை. பொருளை முன்னால் வைத்து வரைவதுதான் முறையான சித்திரம் என்று பின்னாளில் பலர் எனக்குச் சொன்னார்கள். ஹலிஃபக்ஸில் அந்த எருதுகளின் முன் நின்றபோது, ஆசிரியை சொன்னதன் முழுப் பொருளையும் ஒரு மனுஷி வாழ்நாள் முழுவதும் செய்து காட்டியிருப்பதைக் கண்டேன்.

மோட் 1903ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் திகதி, நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்குக் கரையிலுள்ள யார்மவுத் நகருக்கு அருகே பிறந்தார். சிறுவயதிலேயே பிடித்துக்கொண்ட மூட்டுவாதம் அவருடைய விரல்களையும் தோள்களையும் கழுத்தையும் வளைத்துவிட்டது. நாடி நெஞ்சோடு ஒட்டியது போன்ற தோற்றம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் கேலிக்கு ஆளாகி, 14 வயதில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டார். வீட்டில் தாயார் நத்தார் வாழ்த்து அட்டைகளுக்கு நீர்வர்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் பெற்ற சித்திரக் கல்வி அவ்வளவே. 1928இல் மணமாகாத நிலையில் பிறந்த பெண் குழந்தை தத்துக் கொடுக்கப்பட்டது. 1935இல் தந்தையும் 1937இல் தாயும் காலமான பின் டிக்பி என்ற ஊரிலிருந்த சிறிய தாயார் வீட்டில் தங்கியிருந்தவர், 1938 ஜனவரியில் மார்ஷல்டவுன் என்ற கிராமத்து மீன் வியாபாரியான எவரெட் லூயிஸை மணந்தார். பிறந்த இடத்துக்கும் வாழ்ந்து மறைந்த இடத்துக்கும் இடையில் ஏறக்குறைய 100 கிலோமீற்றர்தான். அவருடைய உலகம் முழுவதும் அந்தக் கரைக்குள் அடங்கிவிட்டது.

எவரெட்டின் வீடு இப்போது கலைக்கூடத்துக்குள்ளேயே முழுதாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அளவு 13.5 அடிக்கு 12.5 அடி. நம்மூர்ப் பழைய வீடுகளின் அடுப்படி அதைவிடப் பெரிது. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. ஓர் அறை, ஒரு விறகடுப்பு, மேலே படுப்பதற்கு ஒரு பரண், அதற்கு ஏறச் சிறு படிகள். அந்த வீட்டில் வர்ணம் படாத இடம் என்று ஒன்றைத் தேடித்தான் காண வேண்டும். கதவில் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன. சன்னல் கண்ணாடியில் ரியூலிப் பூக்கள், படிகள் ஒவ்வொன்றிலும் பூ. பாண் வைக்கும் பெட்டியையும் குப்பை அள்ளும் தட்டையும் கூட அவர் விட்டுவைக்கவில்லை. விறகடுப்பின் இரும்பிலும் பூக்கொடி ஓடுகிறது. தினமும் நெருப்பெரியும் அடுப்பில் தீட்டிய பூ கருகித் தேய்ந்திருக்கும், அதைத் திரும்பத் திரும்பத் தீட்டியிருப்பார் என்று எண்ணிக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நான் நெடுநேரம் நின்றேன். வளைந்த விரல்களால், வேண்டுமானால் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு, சன்னலோரத்து வெளிச்சத்தில் சிறிய மேசைத்தட்டின் முன் அமர்ந்துதான் அவர் வேலை செய்தார்.

அவர் வேலை செய்த முறையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் சித்திர வகுப்பில் இருந்தவர்களுக்கு அது உடனே விளங்கும். அழுத்திய மரக்கூழ்ப் பலகையை எடுத்து, முதலில் முழுவதும் வெள்ளை பூசுவார். காய்ந்த பின் உருவங்களின் கோடுகளை வரைவார். பிறகு வர்ணத்தைக் குழாயிலிருந்து பிதுக்கியபடியே, ஒன்றோடொன்று கலக்காமல் இடுவார். தொடக்கத்தில் எவரெட் எங்கெங்கிருந்தோ தேடிக்கொண்டுவந்த படகு வர்ணமும் வீட்டு வர்ணமும்தான் அவருக்குக் கிடைத்தன. கிடைத்த வர்ணத்துக்கு ஏற்ற படம் என்பதில் அவருக்கும் எங்கள் சிரட்டைகளுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய படங்களில் நிழலே விழுவதில்லை. பனி மூடிய குன்றில் இலையுதிர்காலத்துச் சிவப்பு இலைகளோடு மரம் நிற்கும். குதிரை பூட்டிய பனிவண்டி, கலங்கரை விளக்கம், டிக்பித் துறைக் கப்பல், பூக்களுக்கு நடுவே மூன்று கறுப்புப் பூனைகள், கடற்பறவைகள் ஆகியவற்றையே அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். அவற்றுள் பல, மோட்டார் வண்டி பெருகுவதற்கு முந்திய தன் யார்மவுத் சிறுபருவத்துக் காட்சிகள். அவை எதையும் முன்னால் நிறுத்தி அவர் வரையவில்லை. சிறுவயதில் பார்த்தவற்றை, பார்த்துவிட்டு வந்து, முப்பது ஆண்டுகள் அந்த ஒற்றை அறையிலிருந்து வரைந்தார்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் "குழந்தைத்தனமான ஓவியம்" என்ற சொல்லை அன்போடுதான் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் அதை நான் ஏற்கவில்லை. குழந்தை தனக்குத் தெரியாததால் நிழலை விடுகிறது. இவரோ பகலெல்லாம் சன்னலோரம் அமர்ந்து வெளிச்சத்தின் போக்கைப் பார்த்தவர்; குளிரும் வலியும் வறுமையும் எப்படிப்பட்டவை என்று எவரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய வீட்டுக்கு அடுத்த காணியில் இருந்தது ஏழைகளை வைத்துப் பராமரிக்கும் அரசாங்க விடுதி. எவரெட் சிறுவயதில் அங்கே வளர்ந்தவர், பின்னர் அங்கேயே இரவுக் காவலாளியாகவும் இருந்தார். அந்த விடுதியை நாள்தோறும் கண்முன் கண்டுகொண்டிருந்தவர் தம் பலகையில் மணி கட்டிய எருதுகளையும் பூக்களையும் மட்டும் ஏற்றினார் என்றால், எதை விடுவது, எதை வைப்பது என்று தெரிந்து செய்த ஒரு கலைஞரின் தேர்வாகவே அதை நான் மதிக்கிறேன். ஒரே படத்தைத் திரும்ப வரைந்தார் என்று குறை சொல்வோரும் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்த எருதுப் படங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் நுகம் நீலம், இன்னொன்றில் சிவப்பு; ஒன்றில் செர்ரிப் பூக்கள், மற்றதில் பனி; எருதுகளின் முகபாவமும் மாறுகிறது. ஒரே கீர்த்தனையைப் பல கச்சேரிகளில் கேட்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விலையை நினைக்கும்போதுதான் மனம் நோகிறது. எவரெட் மீன் விற்கப் போகும் வீடுகளில் அவருடைய வாழ்த்து அட்டைகள் ஒன்று 25 சதத்துக்கு விற்கப்பட்டன. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்கக் குடும்பமொன்றின் கோடைகால வீட்டுக்காக 22 சன்னற் கதவுகளுக்குப் படம் தீட்டிக் கொடுத்து, கதவு ஒன்றுக்கு 70 சதம் பெற்றார். பின்னர் பெருந்தெருவோரம் விற்பனைப் பலகை ஒன்றைத் தொங்கவிட்டு, படம் ஒன்றை இரண்டு மூன்று டொலருக்கு விற்றார். 1964இல் ரொறன்ரோ வார இதழ் ஒன்றும் 1965இல் கனடியத் தொலைக்காட்சியும் அவரைப் பற்றிச் சொன்ன பிறகு, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. நிக்சன் காலத்து வெள்ளை மாளிகையிலிருந்தும் இரண்டு படங்களுக்கு ஓடர் வந்தது. அப்போதும் விலை பத்து டொலரைத் தாண்டவில்லை. எவரெட்டைப் பற்றி ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனைவியால் முடியாத சமையலையும் வீட்டு வேலையையும் அவர் செய்தார், பலகையும் வர்ணமும் தேடிக் கொடுத்தார். அதேவேளை வந்த பணத்தை இறுக்கிப் பிடித்து, விறகுப் புகையும் வர்ண வாடையும் நிறைந்த அந்த ஈர வீட்டிலேயே அவரை வைத்திருந்தார். மோட் 1970 ஜூலை 30ஆம் திகதி டிக்பி வைத்தியசாலையில் நிமோனியாவினால் காலமானார். எவரெட் 1979இல் அந்த வீட்டிலேயே ஒரு திருடனால் கொல்லப்பட்டார். இடிந்துகொண்டிருந்த வீட்டை அவ்வூர் மக்களில் சிலர் சங்கமாகச் சேர்ந்து காப்பாற்ற முயன்றதும், 1984இல் மாகாண அரசு அதை வாங்கியதும், பல ஆண்டுத் திருத்த வேலைக்குப் பின் 1998இல் அது கலைக்கூடத்தில் வைக்கப்பட்டதும் பிந்திய கதை.

2022ஆம் ஆண்டு மே மாதம் அவருடைய கறுப்பு லொறிப் படம் ஒன்று ஒன்ராறியோவில் ஏலத்தில் 350,000 டொலருக்குப் போனது. அந்தப் படத்தின் வரலாறு கேட்கத் தக்கது. ஒன்ராறியோவின் லண்டன் நகரத்து ஓவியர் ஜோன் கினியர், மோட்டின் நிலையை அறிந்து அவருக்கு வர்ணமும் பலகையும் அனுப்பி வந்தார். மோட் பதிலுக்குப் படங்களை அனுப்பினார். கினியர் தாம் வழக்கமாகச் சாப்பிடும் சிறு உணவகத்துக்காரரிடம் காசுக்குப் பதிலாக ஓவியம் கொடுத்துச் சாப்பிடுவதுண்டு. 1970களில் அப்படி, சீஸ் வைத்து வாட்டிய பாண் சாப்பிட்ட கணக்கில் கைமாறியதுதான் அந்த லொறி. உணவகத்துக்காரர் அரை நூற்றாண்டு அதை வீட்டில் வைத்திருந்தார். 2017இல் ஏலத்தில் 45,000 டொலருக்குப் போன இன்னொரு படம், ஒன்ராறியோவில் பழைய சாமான் விற்கும் தருமக் கடையொன்றில் கண்டெடுக்கப்பட்டது.

மறுநாள் மார்ஷல்டவுனுக்கும் போனோம். வீடு இருந்த இடத்தில் அதே அளவுக்கு ஓர் உருக்குக் கூடு நிற்கிறது. மகள் அதன் நடுவில் நின்று இரு கைகளையும் நீட்டிப் பார்த்தாள். தெருவில் வாகனங்கள் போய்க்கொண்டே இருந்தன. 1987 மே மாதம் வடமராட்சியை விட்டுக் கைக்குழந்தையோடு ஓடியபோது என் சித்திரக் கொப்பிகள் அத்தனையும் வீட்டு மரப்பெட்டிக்குள் இருந்தன என்பதை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். "அம்மா, உங்கட ரீச்சர் கீறினது ஒண்டும் மிஞ்சேல்லையா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். நாங்கள் கல்லூரியை விட்டு வந்த ஆண்டில், ஆசிரியை எங்கள் பலருடைய ஓட்டோகிராப் புத்தகங்களில் வாழ்த்துக்குப் பதிலாக ஒரு சிறு படம் வரைந்து தந்தார். எனக்குத் துலா, அருகிலிருந்த தோழிக்கு வேலியோரத்துக் கிடுகும் கோழியும், இன்னொருத்திக்கு ஒரு தேர்ச்சில்லு. எல்லாம் நீலமும் செங்கற்பொடியும் கலந்த வர்ணம். லண்டனிலோ பாரிஸிலோ மெல்பேர்னிலோ யாருடைய அலுமாரியிலாவது அந்தப் புத்தகங்களில் ஒன்று இருக்கக் கூடும். இருந்தால், பக்கத்தை வெட்டாமல், புத்தகத்தோடு சேர்த்து ஒரு நிழற்படம் எடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்பிவையுங்கள்.