தத்துக்குப் போகும் குதிரையைப் பழக்குவது: காப்பகத்தில் கற்றவை

குதிரைக் காப்பகத்தில் தன்னார்வலராகச் சேரப் போகிறேன் என்றதும் பலரும் கேட்டது, "சவாரி பண்ண விடுவாங்களா?" என்றுதான். விடவில்லை. கையில் கொடுத்தது ஒரு மண்வாரியும் தள்ளுவண்டியும். லாயத்தைக் கூட்ட வேண்டும், லத்தி அள்ள வேண்டும், தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும். புது ஆட்களைச் சோதிக்கக் கொடுக்கிற எடுபிடி வேலை என்று நினைத்தேன். ஆனால் லத்தி குறைந்தாலோ, காய்ந்து இறுகினாலோ, தொட்டியில் தண்ணீர் குறையாமலே இருந்தாலோ உடனே சொல்லச் சொல்லியிருந்தார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் எது சிக்கினாலும் அது கீழ் வழியாகத்தான் போயாக வேண்டும், வயிற்றுவலி வந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். அதை முதலில் கண்டுபிடிக்க வாய்ப்புள்ளவர் லத்தி அள்ளுகிறவர்தான்.

நான் பழக்கிய செவலைப் பெட்டை வந்து இறங்கியபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். குதிரையின் உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டுப் பார்க்கும் ஹென்னகி முறை ஒன்று இருக்கிறது, 1983-இல் வந்தது. கழுத்து, முதுகு மேடு, தோள், விலா, இடுப்பு முதுகு, வாலடி ஆகிய ஆறு இடங்களைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். 5 என்றால் சரியான உடம்பு. இவளுக்கு 1 போட்டார் கால்நடை மருத்துவர். தடவவே தேவைப்படவில்லை, விலாவைத் தூரத்தில் நின்றே எண்ணலாம்.

பசித்து வந்ததற்கு வயிறு நிறையப் போடுவதுதான் நம் இயல்பு. இங்கே அது கொல்லும். பட்டினி கிடந்த குதிரைக்குத் திடீரென்று தானியம் கொடுத்தால் அதிலுள்ள மாவுச்சத்து இன்சுலினைக் கிளப்பிவிடுகிறது. இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் அதோடு செல்களுக்குள் போய்விடும். இதயமும் மூச்சும் தடுமாறி, தீனி போட ஆரம்பித்த 3 முதல் 5 நாட்களுக்குள் குதிரை செத்துப்போகலாம். அதனால் மாவுச்சத்து குறைந்த, குதிரை மசால் (அல்ஃபால்ஃபா) என்கிற தீவனப்பயிரைக் காயவைத்த உலர்தீவனம்தான் கொடுத்தோம். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு அரை கிலோ அளவுக்கு, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். தன்னார்வலர்கள் முறை போட்டுக்கொண்டு எழுந்து போனோம். அந்த அரை கிலோவை நொடியில் தின்றுவிட்டு வெறும் வாளியை அவள் மூக்கால் உருட்டுவாள். பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டம். "பாவம்னு ஒரு கை அதிகமா போட்டீங்கன்னா அது பாவம் இல்ல, கொலை" என்று பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த அக்கா எல்லோரையும் எச்சரித்து வைத்திருந்தார்.

தொற்று நோய் எதையும் மற்ற குதிரைகளுக்குப் பரப்பிவிடக் கூடாதென்று, தனி அடைப்பு, தனி வாளி, தனி பிரஷ் என்று அவளைச் சில வாரம் ஒதுக்கி வைத்திருந்தோம். குடற்புழு நீக்கம், பல் ராவுதல் எல்லாம் அப்போதே நடந்தன. குதிரைப் பல் வாழ்நாளில் பெரும்பகுதி ஈறிலிருந்து மேலே வந்து தேய்ந்துகொண்டே இருக்கும். ஒழுங்காகத் தேயாவிட்டால் ஓரம் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். வாய்ப்புண்ணோடு நிற்கும் குதிரையைத்தான் சில இடங்களில் "கடிவாளத்துக்கு அடங்காதது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

உடம்பு தேறத் தேறப் பயிற்சியைத் தொடங்கினோம். நான் போனால் கனைப்பாள், தலையை நீட்டி ஹால்டரை, அதாவது பிடித்து நடத்துவதற்கான தலைப்பட்டையை, மாட்டிக்கொள்வாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. அக்கா மட்டும் அசரவில்லை. "உன்கிட்ட வர்றா, சரி. நாளைக்கு இவளைக் கூட்டிட்டுப் போறது நீயா?" என்றார். அதன் பிறகு வேலையின் போக்கே மாறியது. உயரமானவர், குள்ளமானவர், தொப்பி போட்டவர், சத்தமாகப் பேசுகிறவர் என்று ஆள் மாற்றி மாற்றி அவளைப் பிடிக்கச் சொன்னோம். எல்லோரும் ஒரே சைகையைத்தான் பயன்படுத்த வேண்டும், ஆளுக்கொரு முறை கூடாது. குதிரையைப் பெரும்பாலும் இடப்பக்கம் நின்றே கையாள்கிறோம் என்பதால் வலப்பக்கம் பழகாமலே போய்விடும். அதனால் ஒவ்வொன்றையும் வலப்பக்கமிருந்தும் செய்தோம்.

குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. நெற்றியைத் தடவ நாம் ஆசையாகக் கையை நீட்டுகிறோமே, அந்த இடம் அதற்கு இருட்டு. தோளுக்குப் பக்கமாகப் போய் நிற்பதே மரியாதை.

அதிகக் காலம் பிடித்தது பின்னங்கால்தான். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். தூக்கிப் பிடிக்கக் கால் தராத குதிரையை எந்த லாடக்காரரும் தொடமாட்டார். அழகாக ஓடினால் என்ன, கால் தராவிட்டால் தத்தெடுப்பவருக்குத் தலைவலிதான். இவள் முன்னங்கால்களைச் சீக்கிரமே கொடுத்துவிட்டாள். பின்னங்கால் பக்கம் கை போனால் உதைத்தாள். ஒரு நீளக் குச்சியின் நுனியில் பஞ்சு திணித்த கையுறையைக் கட்டி, எட்ட நின்று அதனால் தொடையிலிருந்து கணுக்கால் வரை தடவுவோம். உதைத்தாலும் கையுறை அங்கேயே இருக்கும், விலகாது. உதைப்பதை நிறுத்திய அந்த நொடியில் எடுத்துவிடுவோம். சூட்சுமம் எல்லாம் இந்த எடுக்கிற நேரத்தில்தான் இருக்கிறது. உதைக்கும்போது எடுத்தால் "உதைத்தால் போய்விடும்" என்று கற்றுக்கொள்ளும். அசையாமல் நிற்கும்போது எடுத்தால் "நின்றால் போய்விடும்" என்று கற்றுக்கொள்ளும். குதிரைக்கு நாம் தரும் பரிசு பெரும்பாலும் விட்டுவிடுவதுதான்.

உதைப்பதற்கு முன் அவள் உடம்பு முன்கூட்டியே சொல்லும். மூச்சு நிற்கும், மூக்குத் துவாரத்துக்கு மேல் ஒரு சுருக்கம் விழும், என் பக்கத்துக் காது பின்னால் படியும், தொடைச் சதை கெட்டியாகும். அந்தச் சுருக்கம் விழும்போதே அங்கே நிறுத்தி, அது கலையும் வரை காத்திருக்கப் பழகிய பிறகு உதையே வரவில்லை. பிறகு கையுறை போய் என் கை வந்தது. முதலில் குளம்பின் நுனி மட்டும் தரையை விட்டு எழும், உடனே கீழே வைப்போம். போகப் போக லாடக்காரர் பிடிப்பதுபோல மடியில் வைத்து, அரத்தால் தட்டிப் பார்க்கும் வரை வந்தாள்.

குதிரையைக் கொண்டுபோகும் டிரெய்லர் வண்டியில் ஏற்றுவதும் இப்படித்தான், பொறுமை வேலை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் பழக நம்மைவிடக் குதிரைக்கு அதிக நேரம் எடுக்கும். காலை வைத்தால் பலகை வேறு அதிர்கிறது. முன்கதவைத் திறந்து உள்ளே வெளிச்சம் விட்டோம். ஒரு கால் வைத்தால் போதும், இறக்கிவிடுவோம். எங்கேயும் போகாத வண்டியில் ஏறி, தின்று, இறங்கி வருவதே பல நாள் பயிற்சி.

சவாரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பின்னங்கால் மூட்டில் பழைய தேய்மானம் இருப்பதாக எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. மெதுவான நடைச் சவாரி மட்டும், எடை குறைந்தவர்களுக்கு மட்டும் என்று மருத்துவர் எழுதிவிட்டார்.

தத்தெடுக்க நினைப்பவர்கள் படிப்பதற்காக அவளைப் பற்றிய குறிப்பை எழுதும் வேலை எனக்கு வந்தது. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பட்டினிக் கதையை உருக்கமாக எழுதினால் விண்ணப்பங்கள் குவியும். ஆனால் இரக்கப்பட்டு வருகிறவருக்குக் கதைதான் பிடித்திருக்கும், மழையில் சேற்றோடு நிற்கிற குதிரை பிடிக்காமல் போகலாம். அதனால் கதைக்கு இரண்டு வரி போதும் என்று விட்டுவிட்டு மற்றதை எழுதினேன்: மூட்டுத் தேய்வு உண்டு, வலது பின்னங்காலுக்கு நேரம் கொடுக்க வேண்டும், தீனி வேளையில் பக்கத்துக் குதிரையை விரட்டுவாள், தனியாக விட்டால் வேலியோரம் நடந்துகொண்டே இருப்பாள், தோராய வயது இவ்வளவு. குதிரை 25 முதல் 30 வருடம் வாழக்கூடியது என்பதால் இனி எத்தனை வருடப் பொறுப்பு என்பதையும் எழுதினேன். விண்ணப்பங்கள் குறைவாகத்தான் வந்தன. வந்தவர்கள் எல்லோரும் மூட்டைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள்.

கடைசியில் தத்தெடுத்தவரிடம் ஏற்கெனவே ஒரு வயதான குதிரை இருந்தது. குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி, துணை இல்லாத வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்பது காப்பகத்தின் விதி. பார்க்க வந்த அன்று அவரே அடைப்புக்குள் போய்ப் பிடிக்க வேண்டும், நடத்திக் காட்ட வேண்டும், நாலு காலையும் தூக்க வேண்டும். என்னை வேலிக்கு வெளியே நிறுத்தி வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் அக்கா. வலது பின்னங்காலில் அவர் கை தயங்கியது, அவளும் இழுத்தாள். அவர் விடாமல், இழுப்பு நின்றதும் மெதுவாகக் கீழே வைத்தார். குறிப்பைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்தது. அதன் பிறகு காப்பகத்தார் அவருடைய லாயத்தைப் போய்ப் பார்த்தார்கள், ஒப்பந்தம் போட்டார்கள். விற்கக் கூடாது, குட்டி ஈன வைக்கக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் காப்பகத்துக்கே திருப்பித் தர வேண்டும்.

போன புதிதில் ஒருமுறை தொலைபேசியில் அழைத்தார். அவர் ஊர் லாடக்காரரிடம் கால் தர மறுக்கிறாளாம். காலை எவ்வளவு உயரம் தூக்குகிறார் என்று கேட்டேன். இடுப்பளவு என்றார். தேய்ந்த மூட்டுக்கு அந்த உயரம் வலிக்கும், முழங்காலுக்குக் கீழேயே வைத்துச் சீவச் சொல்லுங்கள் என்றேன். அடுத்த முறை சிக்கல் இல்லாமல் முடிந்தது என்று செய்தி அனுப்பினார். குறிப்பில் உயரத்தையும் சேர்த்து எழுதும்படி படிவத்தை மாற்றிவிட்டோம். இப்போது என்னிடம் இருப்பது காயடித்த ஆண் குதிரை. கால் நாலும் தருகிறான், காதைத்தான் தொட விடமாட்டேன் என்கிறான்.