நித்தியகல்யாணியும் எஃகுத் தொட்டியும்

புற்றுநோய் மருந்து பாக்லிடாக்சல் முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்துதான் வந்தது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும், புது மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் யூ வகை மரத்தின் செல்களை மட்டும் எஃகுத் தொட்டியில் ஊட்டக் கரைசலில் வளர்த்து மருந்து எடுப்பது கட்டுப்படியானது.

நம்ம ஊர் நித்தியகல்யாணிக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. அதன் இலையிலிருந்து எடுக்கும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் 1 கிராமுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்கிறார்கள். அப்படியும் செடிதான் மலிவு! கதாரந்தின், வின்டோலின் என்ற இரு பொருள்கள் இணைந்தால்தான் வின்பிளாஸ்டின். தொட்டிச் செல்கள் கதாரந்தின் தரும். அதோடு இணைய வேண்டிய வின்டோலினைத் தருவதில்லை. அதற்கு இலையின் வெவ்வேறு வகைச் செல்கள் சேர்ந்து உழைக்க வேண்டும். அப்புறம் கிருமி புகாத தொட்டி, மின்சாரம், மெதுவான வளர்ச்சி என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

மானாவாரியில் இதைப் பயிரிடும் நம் தென்மாவட்ட விவசாயிகளுக்கு, மருந்துச்சத்து கூடிய ரகங்கள் கிடைக்க வேண்டும். ஆய்வுப் பணத்தில் ஒரு பங்காவது அதற்குப் போகட்டும்.