மடியில் இருந்த தொப்பி

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிய இன்னும் 4 நிமிடம். எங்கள் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி 10 புள்ளி முன்னிலை. பக்கத்து வீட்டுப் பெரியவர் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஜெயித்துவிடுவோமே" என்றேன்.

"பார்க்கலாம்."

தொப்பியில் தைத்திருந்த, நெப்ராஸ்காவைக் குறிக்கும் 'N' எழுத்தை விரல் தடவிக்கொண்டே இருந்தது. நூல் பிரிந்து பாதி எழுத்துதான் மிச்சம்.

இந்த அணியின் ஊரான லிங்கன் நகருக்கு வந்த புதிதில், இந்த ஊர்க்காரர்களுக்கு ஏன் இவ்வளவு அவநம்பிக்கை என்று நினைப்பேன். இப்போது புரிகிறது. 1970-க்கும் 1997-க்கும் இடையே 5 தேசியப் பட்டம் வென்ற கல்லூரி அணி. 1999-க்கு அப்புறம் கான்ஃபரன்ஸ் பட்டம்கூட, அதாவது சில கல்லூரிகள் மட்டும் சேர்ந்து ஆடும் பிரிவின் பட்டம்கூட இல்லை. 2021-ல் 12 ஆட்டத்தில் 9 தோல்வி. ஒன்பதுமே ஒற்றை இலக்க வித்தியாசத்தில்!

ஒரேயடியாகத் தோற்றால் மனசு ஆறிவிடும். வாராவாரம் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனால்? அடி விழுமுன் உடம்பை இறுக்கிக்கொள்கிற மாதிரிதான் இது.

அன்பு குறைந்துவிட்டது என்று சொல்லவே முடியாது. 1962-ல் தொடங்கி, சொந்த அரங்கில் டிக்கெட் விற்றுத் தீர்ந்துகொண்டே இருக்கிறது.

இன்று ஜெயித்தார்கள். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. பெரியவர் இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்து, அப்புறம்தான் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.